முப்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீர்

செத்துப்போன புருஷன் கனவில் வந்து தண்ணீர் கேட்டால் பெண்டாட்டி என்ன செய்வாள்? எழுந்து போய் நல்ல தண்ணீராக மொண்டு கொடுப்பாள். கனடாவின் வடகோடியில் இருக்கும் இக்லூலிக்கில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாகத்தோடு வருகிறவர் திரும்பி வரப் பார்க்கிறார், பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்குத் தன் பெயரைக் கேட்கிறார். இவாலு என்ன செய்தாள் தெரியுமா? கோட்டின் உள்பைக்குள் கையை விட்டு, அங்கிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதில் இருந்தது கடல் தண்ணீர்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பதினொரு வருஷத்துப் பழக்கம். வாரம் ஒருமுறை அவளும் புருஷன் கமானிக்கும் ஸ்கிடூ என்ற பனிமோட்டார் வண்டியில் உறைந்த கடல்மேல் போவார்கள். ஆறு இடங்களில் சிவப்புக் கொடி நட்டிருக்கும். ஒவ்வொரு கொடியடியிலும் அவர் துளை போடுவார். அவள் நாடாவை இறக்கிப் பனியின் கனத்தை அளப்பாள், உப்பும் சூடும் பார்க்கும் குழலைக் கடலுக்குள் விடுவாள், முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் எடுப்பாள். பாட்டிலை வெளியே வைத்தால் உறைந்து வெடித்துவிடும். அதனால் கோட்டுக்குள், விலா எலும்பை ஒட்டி வைத்துக்கொள்வாள். மற்ற பெண்கள் பணப்பை வைக்கும் இடத்தில் இவாலு பதினொரு வருஷமாகக் கடலை வைத்துக்கொண்டிருந்தாள்.

கமானிக் ஆகஸ்டில் இறந்தார். தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பன்னிரண்டாவது மாடியில், ஜன்னலைத் திறக்க முடியாத அறையில். நவம்பரில் ஒரு பிற்பகல், சோபாவில் அவள் கண்ணயர்ந்தபோது வந்தார். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்தார். நாய்த்தோல் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தொண்டை வறளுது, குடிக்க ஏதாச்சும் கொடு" என்றார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் அவளைப் பார்த்தார், கையுறைகளை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

அப்போது அவருடைய தங்கை மகள் ஊலாயுவுக்கு நான்கு மாதம். வீட்டில் எல்லாரும் கமானிக்குக்காகக் காத்திருந்தார்கள். கேட்காதவர் பெயரை அந்த வீட்டில் யாரும் வைப்பதில்லை. இழுத்து வந்த பெயர் குழந்தையிடம் தங்காது என்பார்கள். ஊலாயுவின் அம்மா, நாத்தனார் தட்டிகாட், வாரம் தவறாமல் கேட்பாள்: "மதினி, எங்க அண்ணன் வந்தாரா?"

"வரலையே" என்று இவாலு சொல்வாள். சொன்ன நாளெல்லாம் சோறு இறங்காது. ஐந்து மாதமாக அவள் தூங்கியதெல்லாம் அவருக்காகத்தான். தலைமாட்டில் நல்ல தண்ணீரை மூடி வைத்துவிட்டுத் தூங்கினாள். அவர் வரவில்லை.

பிப்ரவரியில் இறந்தார் சவ்லு. ஊலாயுவின் மாமியாருக்கு அண்ணன். ஒன்பதாம் நாளே தங்கை கனவில் வந்து நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கேட்டாராம். மனிதருக்கு உயிரோடிருந்தபோதும் வெட்கம் கிடையாது. கமானிக்குக்கும் அவருக்கும் சீட்டாட்டத்தில் முப்பது வருஷப் பகை. சம்பந்தியம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இகாலுயிட் ஆஸ்பத்திரியில் ஊலாயுவுக்குப் பெண் பிறந்து ஒன்பது நாளாயிற்று. இன்று மாலை ஐந்து மணி விமானத்தில் வருகிறார்கள். இறங்கியதும் குழந்தையின் காதில் சவ்லு என்று சொல்லிவிடுவார்கள். பெண்ணா ஆணா என்று பெயர் பார்ப்பதில்லை.

இந்த நாளில்தான் இவாலு ஊரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, நாலாவது கொடியடியில், முழங்காலிட்டு நாடாவை இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதக் கடைசி வெயில். கடல் முழுவதும் வெள்ளை, வானம் முழுவதும் வெள்ளை, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று சொல்ல முடியாது. தூரத்துத் தீவு தரையைவிட்டு எழும்பி மிதந்தது. அதன் மேலேயே தலைகீழாக இன்னொரு தீவு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். இந்த மாதிரி நாட்களில் இவாலுவுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். துளைக்குள்ளிருந்து தாடிச் சீல் என்னும் கடல்நாய் பாடுவது கேட்டது. உச்சியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி இறங்கி, ஆழத்தில் எங்கோ முடிகிற பாட்டு. கமானிக் இருந்தால் துடுப்பைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, வேலையை மறந்து நிற்பார். அவரைத் திட்டித் திட்டியே அவள் பதினொரு வருஷமும் அளந்தாள். திட்ட ஆளில்லாமல் அளப்பது இப்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது!

"நூத்தி எழுபத்தொண்ணு" என்றாள், பென்சிலால் நோட்டில் எழுதிக்கொண்டே.

"அம்பது சென்டிமீட்டர் போதும்னு யாராவது சட்டம் போட்டா என்ன?" என்றாள் தட்டிகாட். துளை போடுவது இப்போது அவள் வேலை. சவ்லு பெயரைக் காதால் கேட்க மனமில்லாமல், பேத்தி வரும் நாளிலும் வந்துவிட்டாள். கருவியின்மேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "எங்க அண்ணன் இதை எப்படித்தான் போட்டாரோ. எனக்குக் கையே கழண்டுடுச்சு."

"உங்க அண்ணன் போடும்போது வாயை மூடிக்கிட்டுப் போடுவார்."

"ஆமா, நீதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவியே மதினி."

மூன்றாவது ஆள் ஒடில், கியூபெக்கிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரி. இவாலு அனுப்பும் பாட்டில்கள் அவளிடம்தான் போய்ச் சேரும். வருஷா வருஷம் ஏப்ரலில் இரண்டு வாரம் வந்து, பனியை நீள உருளைகளாக அறுத்து எடுத்துப் போவாள். இவர்கள் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவள்.

"நான் இப்பொழுது தேநீர் அருந்த விரும்புகிறேன்" என்றாள் ஒடில்.

"மகாராணி விரும்பிட்டாங்க, அடுப்பைப் பத்த வை" என்று தட்டிகாட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்திலேயே பழைய பனியின் திட்டு ஒன்று இருந்தது. பல கோடைகளைக் கண்டு, உப்பெல்லாம் வடிந்து, நீலம் பாரித்து உருண்டுபோன கட்டி. போன இலையுதிர் காலத்தில் மிதந்து வந்து புதுப் பனிக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தட்டிகாட் அதில் கொத்தி எடுத்த துண்டுகளைப் பாத்திரத்தில் போட்டு உருக்கினாள். புதுப் பனியை உருக்கினால் நாக்கில் வைக்க முடியாது. இதுவோ தேன் மாதிரி. சறுக்குவண்டியின் ஓரத்தில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கமானிக் உட்காரும் முனையை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

"குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் ஒடில்.

இவாலு கோப்பைக்குள் பார்த்தாள்.

"சவ்லு" என்றாள் தட்டிகாட். குரல் சப்பென்று இருந்தது. "வேற யாரு கேட்டா? எங்க அண்ணனுக்கு ரோஷம். ஒருத்தர் கனவுலயும் வரலை."

"கனவில் அவர் ஏன் வர வேண்டும்?"

"பதினோரு வருஷமா வர்றியே, இது தெரியாதா? நீ பனியைத் தவிர எதையும் கேட்டதில்லையே. செத்தவங்க கனவுல வந்து தண்ணி கேப்பாங்க. கேட்டா, பேரு வேணும்னு அர்த்தம்."

ஒடில் கோப்பையைக் கீழே வைத்தாள். அது சரிந்து டீ பனியில் கொட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"தண்ணீரா?" என்றாள்.

"தண்ணிதான். ஏன் முகம் இப்படிப் போகுது? பசிக்குதா?"

"நான் ஒரு விஷயம் சொன்னால் நீங்கள் கோபிக்கக் கூடாது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். டிசம்பரில் கமானிக் என் கனவில் வந்தார்."

சீல் பாட்டை நிறுத்தியிருந்தது. 

"நான் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பூட்ஸோடு உள்ளே வந்தார். அங்கே பூட்ஸோடு வரக் கூடாது. நாய்த்தோல் கையுறைகளை மேசைமேல் வைத்தார். வாயெல்லாம் உப்பு, குடிக்கத் தண்ணீர் கொடு என்றார்."

இவாலுவின் கையிலிருந்த பென்சில் நழுவித் துளைக்குள் விழுந்து, பனிக்கூழில் செங்குத்தாக நின்றது.

"நீ என்ன கொடுத்தே?" என்றாள்.

"குழாயில் பிடித்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். இன்னும் கேட்டார். மூன்று குவளை. பிறகு..." ஒடில் சங்கடத்தோடு சிரித்தாள். "தண்ணீர் மருந்து நாறுகிறது என்று குறை சொன்னார்."

"எங்க அண்ணனேதான்!" என்று தட்டிகாட் துள்ளி எழுந்தாள். "ஓசியில குடிச்சாலும் குறை சொல்வார். ஆனா அதென்ன வாயெல்லாம் உப்பு? செத்தவருக்கு எங்கேருந்து உப்பு?"

இதற்குமேல் மறைப்பதற்கு இவாலுவிடம் தெம்பில்லை.

"நான்தான் கொடுத்தேன்" என்றாள். "நவம்பர்ல என்கிட்டத்தான் முதல்ல வந்தார். தண்ணி கேட்டார். கை தானா உள்ளே போயிடுச்சு தட்டிகாட். பாட்டிலை எடுத்துக் கொடுத்துட்டேன். முப்பது மீட்டர் தண்ணி. துப்பிட்டுப் போயிட்டார்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொள்ள, கையுறையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணைத் திறந்தாள்.

"அஞ்சு மாசம்" என்றாள் தட்டிகாட். "அஞ்சு மாசம் வரலை வரலைன்னு பொய் சொன்னியே மதினி. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்மேலதான் கோபம்னு நினைச்சேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பாருன்னு போன் பண்ணினார். மீன் சீசன் முடியட்டும்னேன். அதனாலதான் இந்த வீட்டுப் பக்கமே வரலைன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்."

"என்னை மன்னிச்சிடு."

"மன்னிக்கிறதா? உன்னைத் தூக்கி அந்தத் துளைக்குள்ளயே போடணும், துளை சின்னதாப் போச்சு." சொல்லும்போதே தட்டிகாட்டின் உதடு கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். பனியில் உட்கார்ந்து, மல்லாந்து விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவம் எங்க அண்ணன்! சொந்த வீட்டுல உப்புத் தண்ணி. அதைக் கொப்பளிக்க மூவாயிரம் கிலோமீட்டர் நடந்து கியூபெக் வரைக்கும் போயிருக்கார். வேற யாரையும் தெரியாது பாரு, பாட்டில் போற இடத்துக்கே போயிருக்கார்!"

இவாலுவும் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். தூரத்தில் தலைகீழ்த் தீவு மெல்ல இறங்கி வந்து, நிமிர்ந்த தீவோடு ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, தண்ணீர் தேடித்தான் போயிருக்கிறார் என்ற நினைப்பு உடம்பெல்லாம் வெதுவெதுப்பாகப் பரவியது.

"மணி என்ன?" என்று திடீரென்று கேட்டாள்.

மூன்றே முக்கால். ஐந்தாவது கொடியும் ஆறாவதும் பாக்கி. பதினொரு வருஷத்தில் ஒரு வாரம்கூட ஒரு கட்டம்கூட அவள் நோட்டில் காலியாக விட்டதில்லை. கமானிக் இறந்த வாரத்தில்கூட, கடலில் பனியில்லாத காலமென்பதால், தப்பித்தாள். நோட்டைப் பிடித்தபடி ஒடிலைப் பார்த்தாள்.

ஒடில் நோட்டை வாங்கி, தன் பென்சிலால் குறிப்புப் பகுதியில் எழுதினாள். 'ஐந்து, ஆறு: அளக்கவில்லை. காரணம்: கமானிக்.'

"கிளம்புங்கள்" என்றாள்.

புறப்படும் முன் பாத்திரத்தில் மிஞ்சியிருந்த பழைய பனித் தண்ணீரை இவாலு ஒரு காலி பாட்டிலில் ஊற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வழி நெடுக விலாவில் இரண்டு பாட்டில்கள் உரசிக்கொண்டே வந்தன. மேடும் பள்ளமுமாக வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் சறுக்குவண்டியில் தட்டிகாட் கத்திக்கொண்டே வந்தாள். அவசரப்படுத்துகிறாளா, மெதுவாகப் போகச் சொல்கிறாளா என்று காற்றில் பிரித்தறிய முடியவில்லை. ஒருமுறை இவாலு திரும்பிப் பார்த்தபோது, சறுக்குவண்டியின் முனையில் யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல் பட்டது. வெயில் கூசியது. மறுபடி பார்க்கவில்லை.

அவர்கள் ஓடுபாதைக்கு வந்தபோது விமானத்தின் விசிறி நின்றிருந்தது. ஊலாயு படியிறங்கிவிட்டாள். முதுகுப்பையின் முக்காட்டுக்குள் ஒரு சின்னக் கறுத்த தலை தெரிந்தது. சம்பந்தியம்மாள், கையில் சர்க்கரை டீ பிளாஸ்க்கோடு, அந்தத் தலையை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்க சம்பந்தி!" தட்டிகாட் வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். "வாயைத் திறக்காதீங்க. எங்க அண்ணன் கேட்டுட்டார்!"

"இப்ப எங்கேருந்து வந்தார் உங்க அண்ணன்? எங்க அண்ணன்தான் முதல்ல கேட்டார்."

"நவம்பர் முந்தியா, பிப்ரவரி முந்தியா? எங்க அண்ணன் டிசம்பர்லயே மூணு குவளை குடிச்சிட்டார்."

"யார் கனவுல?"

தட்டிகாட் ஒடிலைக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"தெற்கத்திக்காரி கனவெல்லாம் கணக்கா?" என்றாள் சம்பந்தியம்மாள். "அவளுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? சொந்தப் பெண்டாட்டி இருக்கும்போது அவர் எதுக்கு அவகிட்டப் போறார்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். சுற்றிப் பாதி ஊர் நின்றது. இவாலு முன்னால் வந்தாள்.

"முதல்ல என்கிட்டத்தான் வந்தார். நான் கடல் தண்ணியைக் கொடுத்தேன். அதான் போனார். அஞ்சு மாசமா வெட்கப்பட்டு மறைச்சுட்டேன்."

சம்பந்தியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கடல் தண்ணியையா?" என்றாள். "புருஷனுக்கா?" பிறகு, கொஞ்சம் இரக்கமாக, "அடிப்பாவி" என்றாள்.

"ரெண்டு பேருமே இருக்கட்டும்" என்றாள் ஊலாயு, களைத்த குரலில். "சவ்லுவும் அவதான், கமானிக்கும் அவதான். குளிருது, சீக்கிரம் சொல்லுங்க."

"ஒரே தொட்டில்லயா? சீட்டுக்கட்டைக் கிழிச்சுக்குவாங்களே" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சம்பந்தியம்மாளும் சிரித்துவிட்டாள். அப்புறம் குனிந்து தன் அண்ணன் பெயரைக் காதில் சொல்லி, ஒரு சொட்டு டீயை உதட்டில் வைத்தாள். குழந்தை முகம் சுளித்தது. வழி விட்டு விலகினாள்.

இவாலு கோட்டுக்குள் கையை விட்டாள். கை தானாகப் போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தது. மூடியைத் திறந்தவள், அப்படியே நின்றாள். பாட்டிலைத் தன் வாயில் சாய்த்தாள். முகம் கோணியது. எல்லார் முன்னாலும் ஓடுபாதையில் துப்பினாள்.

தட்டிகாட் தலையில் அடித்துக்கொண்டாள்.

இவாலு அதை மூடி ஒடிலின் கையில் கொடுத்தாள். இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். ருசி பார்த்தாள். நிதானமாக இன்னொரு வாய் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றி, விரலை வாயில் வைத்துச் சூடாக்கி, அந்தத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். காதருகே போய்ப் பெயரைச் சொன்னாள். அவள் புருஷனை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இது நல்ல தண்ணி" என்றாள் மெதுவாக. "குடிங்க."

குழந்தை உதட்டைச் சப்பியது. பிறகு விரலைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தது.

"வாங்க அத்தை, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் ஊலாயு. "விரல் விறைச்சுடும். எடுத்துடுங்க."

"எப்படி எடுக்கிறது?" என்றாள் இவாலு. "அவர் விடமாட்டேங்கிறாரே."